மூடிப் பார்க்காத கதவு

சோதனை என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு பொருள் உண்டு. வாழ்வில் வந்து சேரும் துன்பத்தையும் சோதனை என்கிறோம். ஒரு பொருள் தன் வேலையைச் செய்யுமா என்று ஆராய்ந்து பார்ப்பதையும் சோதனை என்கிறோம். முன்னது இறைவன் புறத்திலிருந்து வருவது. அதனைப் பொறுமையோடு ஏற்பது நம் கடன். பின்னது மனிதன் தன் கையால் செய்ய வேண்டியது. அதில் பொறுமை காட்டிக் காலம் தாழ்த்துவது நன்றன்று. பின்னதை உரிய காலத்தில் செய்யாதவர்கள், முன்னது வந்து விழுந்தபின், ‘எல்லாம் விதிப்படி’ என்று ஆறுதல் கூறிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். இக்கட்டுரை அந்த இரண்டாவது சோதனையைப் பற்றியது.

நாம் வாழும் சுசீந்திரத்துக்குச் சோதனையோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. தாணுமாலயன் கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தையும், தட்டினால் இசை எழுப்பும் கல்தூண்களையும் காண வெளியூரார் நாள்தோறும் வருகின்றனர். ஆனால் இவ்வூரில் ஒரு காலத்தில் நடந்த ‘கைமுக்கு’ என்னும் வழக்கத்தை அறிந்தோர் இன்று சிலரே. திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சுமத்தப்பட்ட நம்பூதிரிமார் இங்கே அழைத்து வரப்பட்டனர். கொதிக்கும் நெய்யில் அவர்கள் கையை முக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் குற்றமற்றவர். இவ்வழக்கம் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் (ஆட்சி 1829–1846) நிறுத்தப்பட்டது. இதற்காக நம் ஊரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஐரோப்பாவிலும் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தச் செய்தும், கொதிநீரில் கையை விடச் செய்தும் வழக்குத் தீர்த்தனர். 1215-ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பாதிரிமார் அதில் பங்கு கொள்ளலாகாது என்று தடுத்த பின்னரே அங்கும் அது மெல்ல மறைந்தது.

அச்சோதனையின் குறை யாது? கொடுமை என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, அது கேட்ட கேள்விக்கு விடை தராதது. நெய் சுடும் என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்கவில்லை. நல்ல சோதனை என்பது, தீங்கு வருமுன்னர், தீங்கின்றி, அந்தப் பொருளையே கேள்வி கேட்டு, அதனிடமிருந்தே விடை பெறுவது. கைமுக்கு ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று. எனினும் அதைப்போன்ற ஒன்று நம் நகரங்களில் இன்றும் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. தீ வந்தால் மூட வேண்டிய இரும்புக் கதவம் மூடுமா என்று ஒருமுறையேனும் பாராமல், அக்கதவத்தின் கீழே நோயாளிகளையும் குழந்தைகளையும் திருமண விருந்தினரையும் அமர்த்துகிறோம். உண்மைத் தீ வரும் நாளில்தான் அங்கே சோதனை நடக்கும். அன்று வேகப்போவது யார் கை?

நாம் இருபத்தாறு ஆண்டுகள் வளைகுடா நாடுகளில் காற்றுக்குழாய்த் தொழிலில் இருந்து ஊர் திரும்பினோம். நம் ஜமாஅத்துகளில் இத்தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு இராது. ‘மகன் என்ன வேலை பார்க்கிறான்?’ என்று கேட்டால், ‘ஏ.சி. டக்ட் வேலை’ என்பார்கள். அந்த வேலையினுள் இருக்கும் இந்தக் கதவத்தைப் பற்றி அறிந்த தாய் தந்தையர் மிகக் குறைவு. ஆகவே, சற்று விளக்கமாகவே எழுதுகிறோம்.

நாஞ்சில் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் அடுக்களைப் புகை ஓட்டிடுக்கு வழியே வெளியேறிவிடும். கண் எரியும், சுவர் கறுக்கும், உயிருக்கு ஊறு நேராது. ஓலைக்கூரையில் தீப்பற்றினாலும் சுடர் அண்டை வீட்டார் கண்ணில் பட்டுவிடும். குடமும் வாளியுமாக ஓடி வருவர். ஆகவே தீ என்றதும் நம் நெஞ்சில் எழுவது சுடரின் உருவமே. குளிரூட்டிய பெருங்கட்டடங்களில் நிலைமை வேறு. அங்கே சன்னல்கள் திறப்பதில்லை. காற்று உள்ளே வருவதும் திரும்பிச் செல்வதும் தகட்டுக் குழாய்களின் வழியேதான். ‘டக்ட்’ என்று தொழிலாளர் கூறும் அக்குழாய்கள், ஃபால்ஸ் சீலிங் என்னும் பொய்க்கூரைக்கு மேலே மறைந்து, அறைக்கு அறை, மாடிக்கு மாடி ஓடுகின்றன. எந்த வழியே குளிர்காற்று நோயாளியின் கட்டிலுக்கு வருகிறதோ, அந்த வழியே புகையும் வரும். நுரைமெத்தையும் நெகிழியும் மின்கம்பியின் உறையும் எரியும்போது எழும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு மிகுதியாக உண்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மயங்கிவிடுவர். பெருந்தீக்களில் வெந்து இறப்போரினும் மூச்சுத் திணறி இறப்போரே பெரும்பாலும் அதிகம்.

இதனைத் தடுப்பதற்காகக் கட்டடத்தைத் தீத்தடுப்புச் சுவர்களால் பல கூறுகளாகப் பிரிப்பர். ஒரு கூறில் பற்றிய தீ, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அடுத்த கூறுக்குப் போகலாகாது. அதற்குள் மக்களை வெளியேற்றிவிடலாம் என்பது திட்டம். ஆனால் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு காற்றுக்குழாய் செல்கிறதே! சுவர் எத்தனை வலிதாயினும் துளை துளைதானே! அத்துளையை வேண்டும் நேரத்தில் அடைப்பதற்காக, குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில், சுவரின் கனத்துக்குள்ளேயே இரும்புத் தகடுகளாலான கதவம் ஒன்றைப் பதிக்கின்றனர். அதுவே ‘ஃபயர் டேம்பர்.’ தீத்தடுப்புக் கதவம் என்று நாம் கூறலாம்.

நாஞ்சில் நாட்டார்க்கு இதனை விளக்குவது எளிது. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த காலந்தொட்டு, நம் வயல்களின் வாழ்வு கால்வாய்களிலும் குளங்களிலும் உள்ள மடைகளின் கையில் இருக்கிறது. மாதக்கணக்கில் அசைக்காமல் விட்ட மடைக்கதவு துருவேறி இறுகிவிடும். வெள்ளம் வரும் நாளில் நான்குபேர் தொங்கினாலும் இறங்காது. ஆகவேதான் அறிந்த விவசாயி மழைக்கு முன்னரே அதனை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுகிறான். காற்றுக்குழாயில் உள்ள கதவமும் ஒரு மடையே. வேறுபாடு ஒன்றுதான்: வயல் மடை ஊரார் கண்ணெதிரே இருக்கிறது, இந்த மடை பொய்க்கூரைக்கு மேலே, இருட்டில், ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

இக்கதவம் இருவகை. முதல்வகையில் தகடுகள் திரைபோல் மடிந்து மேலே நிற்கும். அவற்றைத் தாங்கி நிற்பது விரல் நீளமே உள்ள ஓர் உலோக இணைப்பு. ‘ஃபியூசிபிள் லிங்க்’ என்பர். சூடு ஏறத்தாழ 72 பாகை செல்சியசை எட்டியதும் அதன் பற்றாசு உருகி இரண்டாகப் பிரியும். தகடுகள் தம் எடையாலோ சுருள்வில்லின் விசையாலோ விழுந்து வழியை அடைக்கும். இரண்டாம் வகை மோட்டாரால் இயங்குவது. புகை உணர் கருவி எச்சரித்தாலும், மின்சாரம் அற்றாலும், வில் திரும்பிச் சுழன்று கதவத்தை மூடிவிடும். முதல்வகைக்கு ஓர் எல்லை உண்டு. தொலைவில் எரியும் தீயின் புகை ஆறிப்போய் வந்தால் இணைப்பு உருகாது, கதவமும் விழாது. நோயாளிகள் படுத்திருக்கும் இடங்களில் இரண்டாம் வகையை வேண்டுவதும், எச்சரிக்கை ஒலித்ததும் காற்றைத் தள்ளும் விசிறி தானே நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

இவை ஏட்டில் உள்ள அச்சங்கள் அல்ல. 1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், எம்.ஜி.எம். கிராண்ட் என்னும் பெருவிடுதியின் கீழ்த்தளச் சிற்றுண்டிச் சாலையில் தீப்பற்றியது. இறந்தோர் 85 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே தங்கியிருந்தவர்கள். சுடரைக் கண்ணாலும் காணாதவர்கள். மின்தூக்கிக் கிணறுகளிலும் மாடிப்படிகளிலும் காற்றுக்குழாய்களிலும் ஏறிச்சென்ற புகை அவர்களைக் கொன்றது. குழாய்களில் இருந்த கதவங்களுள் சில செயற்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. கதவம் இல்லாத கட்டடமன்று அது. கதவம் இருந்தும் மூடாத கட்டடம்.

நம் நாட்டில், 1997 ஜூன் 13 அன்று தில்லியின் உப்ஹார் திரையரங்கில், கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் இருந்த மின்மாற்றி தீப்பற்றியது. புகை மாடிப்படி வழியாகவும் குளிரூட்டும் குழாய்கள் வழியாகவும் அரங்கினுள் புகுந்தது. பால்கனியில் சிக்கியவர்கள் உட்பட 59 பேர் மூச்சடைத்து இறந்தனர். 2011 டிசம்பர் 9 அன்று விடியுமுன், கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் உள்ள ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. புகை குளிரூட்டும் குழாய்களின் வழியே மேல்மாடிகளுக்குச் சென்று, கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் வெளியேற வழியின்றி நிறைந்தது. ஏறத்தாழ தொண்ணூறு பேர் இறந்தனர். பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். அங்கே பணியில் இருந்த, கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் இருவர், எட்டு நோயாளிகளைக் காப்பாற்றியபின் ஒன்பதாமவரை மீட்கச் சென்று உயிர் நீத்தனர். குமரி மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ பெண்மக்கள் செவிலியராய் வெளியூர்களில் இரவுப்பணி பார்க்கின்றனர். அச்செய்தியைப் படித்த அன்று நம் தெருவில் பல வீடுகளில் தொலைபேசி ஓயவில்லை.

இனி, அச்சோதனை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சொல்வோம். கடினமான வித்தையன்று. முதலில் விசிறியை நிறுத்த வேண்டும். பொய்க்கூரையைத் திறந்து, கதவத்தின் அருகே குழாயில் வைத்துள்ள சிறு திறப்பின் வழியே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கதவம் சுவரினுள்ளேயே பதிந்திருக்கிறதா? சுற்றிலும் உள்ள இடைவெளி தீத்தாங்கும் பொருளால் அடைபட்டிருக்கிறதா? பார்த்தபின், அந்த இணைப்பைக் கழற்றிக் கதவத்தை விழச் செய்ய வேண்டும். முழுதும் விழுந்ததா, பாதியில் நின்றதா என்று கண்ணால் காண வேண்டும். மோட்டார் வகையாயின் மின்சாரத்தை அறுத்து, அது தானே மூடுகிறதா, கட்டுப்பாட்டுப் பலகையில் ‘மூடியது’ என்று விளக்கு எரிகிறதா என்று ஒப்பிட வேண்டும். தூசியைத் துடைத்து, செய்தவர் சொன்ன உயவுப்பொருளை மட்டும் இட்டு, கதவத்தை மீண்டும் ஏற்றி, இணைப்பைப் பூட்டி, விசிறியை ஓட்டிப் பார்த்து, கதவத்தின் எண்ணையும் இடத்தையும் நாளையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரு கதவத்துக்கு அரைமணி நேரம் போதும்.

அந்த அரைமணியில் வெளிப்படும் குறைகளோ பலவிதம். திறப்பே வைக்காமல் குழாயை மூடிவிட்டிருப்பர். குழாயை மாட்டியவரின் திருகாணி ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டு தகட்டைத் தடுக்கும். பூச்சு வேலையின் சிமெண்ட் சிந்தி இறுகியிருக்கும். பின்னாளில் வந்த மின்பணியாளர் கதவத்தின் நடுவே கம்பியை இழுத்துச் சென்றிருப்பார். வர்ணம் அடித்தவர் இணைப்பையும் சேர்த்துப் பூசியிருப்பார். தரையில் படுக்கைவாட்டமாகப் பதிக்க வேண்டிய இடத்தில், வில் இல்லாத வகையை வைத்திருப்பர். தன் எடையால் விழ வேண்டிய தகடு அங்கே எங்கே விழும்? கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பு தன் வேலையைச் செய்திருக்கும். இவையனைத்தினும் கொடியது கம்பிக்கட்டு. கதவம் ஏதோ காரணத்தால் ஒருநாள் விழுந்து, அறையில் குளிர் குறைந்து, முறையீடு வந்திருக்கும். வந்தவர் காரணத்தை ஆராயாமல், இனி விழவே கூடாது என்று ஒரு துண்டுக் கம்பியால் அதனைக் கட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் தீயவர் அல்லர். குளிர் வேண்டும் என்றனர், குளிர் கொடுத்தார். அந்தத் தகடு எதற்காக அங்கே இருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்தே விதிகள் எழுதப்பட்டுள்ளன. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 80-ஆம் எண் விதி, நிறுவியபோது ஒருமுறையும், ஓராண்டு கழித்து ஒருமுறையும், அதன்பின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும், மருத்துவமனைகளில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறது. பிரிட்டனின் 9999-ஆம் எண் தரவிதி, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விடலாகாது என்கிறது. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில், தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றிய நான்காம் பகுதியில், காற்றுக்குழாய் தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் இடங்களில் இக்கதவங்களை வேண்டுகிறது. ஆகவே விதிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், பொய்க்கூரைக்கு மேலே ஏறிப் பார்க்கும் கண்ணுக்குத்தான்.

நமது சுசீந்திரத்துக்கு அடுத்த இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒரே வேளையில் மனத்தில் நிறுத்தி அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். அத்தகைய நினைவாற்றல் நூறாண்டுக்கு ஒருவர்க்கு வாய்ப்பது. ஒரு பெரிய மருத்துவமனையிலோ பல நூறு கதவங்கள். எது மூடியது, எது மூடவில்லை, எது பார்க்கப்படவே இல்லை என்பதை எந்தப் பணியாளரும் நினைவில் வைத்திருக்க இயலாது. எனவே இத்தொழிலில் பதிவேடுதான் நினைவு. அந்த ஏடு பொய் சொன்னால் கட்டடம் முழுவதும் பொய்யாகிவிடும். இதனை எழுதும்போது நம் குடும்பத்தில் நடந்த ஒன்றை மறைக்க மனம் வரவில்லை.

நமது இளைய சகோதரியின் மகன் வளைகுடா நகரம் ஒன்றில் இவ்வேலை பார்த்தான். ஒரு மருத்துவமனையின் கதவங்கள் முந்நூற்றுக்கும் மேல் அவன் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. கொடுத்த நாள்களோ பத்து. ஏறத்தாழ நூறு கதவங்களுக்குத் திறப்பே இல்லை. குழாயை வெட்டினாலன்றிப் பார்க்க இயலாது. பத்தாம் நாள் இரவு நமக்குத் தொலைபேசியில் பேசினான். “மாமா, எல்லாத்தையும் பாத்தாச்சுண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லுதாவ. குடுத்தா அடுத்த வேலையும் எங்களுக்குத்தான். குடுக்கலேண்ணா விசா புதுப்பிக்க மாட்டாவ. என்ன செய்யட்டும்?”

‘உண்மையை எழுது, மற்றதை இறைவன் பார்த்துக்கொள்வான்’ என்று உடனே சொல்லிவிட நமக்கு நா எழவில்லை. ஊரில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து அப்படிச் சொல்வது எளிது. அவன் தலையில் பயணக் கடன் இருந்தது. தங்கையின் நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. நாம் அவனிடம் இரண்டு கேள்விகள் மட்டுமே கேட்டோம். “நீ உன் கண்ணால் பார்த்தவை எத்தனை, மக்களே? பாராதவை எத்தனை?” அவன் எண்ணிச் சொன்னான். “அப்படியானால் தாளில் மூன்று பிரிவு போடு. சோதித்தேன், மூடியது, சோதித்தேன், மூடவில்லை, அணுக வழியில்லை. மூன்றிலும் எண்களை நிரப்பிக் கையொப்பமிடு. பார்க்க இயலவில்லை என்று எழுதுவது உன் வேலையின் குறையன்று. அதுவும் உன் வேலையே. பாராததைப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி. அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவர்களின் உயிர் உன்னிடம் கொடுத்த அமானிதம்.” மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “சரி மாமா” என்றான்.

அவன் அவ்வாறே எழுதினான். கதைகளில் வருவதுபோல் மேலாளர் அவனைப் பாராட்டவில்லை. அவன் தாள் ஒதுக்கப்பட்டது. வேறொருவர் கையொப்பத்தோடு புதிய தாள் சென்றது. விசா புதுப்பிக்கப்படவில்லை. அவன் ஊருக்கு வந்து ஏழு மாதம் வேலையின்றி இருந்தான். நிக்காஹ் தள்ளிப் போயிற்று. நம் சகோதரி ஒருநாள் வாசலில் நின்றே கேட்டாள்: “காக்கா, உங்க நியாயம் எம் பிள்ளைக்குச் சோறு போடுமா?” அவளுக்குச் சொல்ல நம்மிடம் விடையில்லை. தாயின் கேள்வி அது. அதற்கு வாதத்தால் விடை சொல்லக் கூடாது. நம்மால் இயன்ற பொருளைத் திருமணச் செலவுக்குக் கொடுத்தோம். அது விடையாகாது என்பதை அவளும் அறிவாள், நாமும் அறிவோம்.

பின்னர் அவனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் குளிரூட்டும் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னதில் மூன்றில் ஒரு பங்கு. சேர்ந்த முதல் மாதமே அங்குள்ள கதவங்களை விழச்செய்து பார்க்க அனுமதி கேட்டான், அங்கிருந்த பொறியாளர் நல்லவர், கொடுத்தார். குழந்தைகள் பிரிவின் மேலிருந்த கதவம் ஒன்று விழவில்லை. ஏணியேறி விளக்கடித்துப் பார்த்தபோது ஒரு துண்டுக் கம்பி அதனைக் கட்டியிருந்தது. வெட்டி எடுத்தான். தகடுகள் ‘சடசட’வென்று விழுந்தன. “அந்த ஓசையைக் கேட்டதும் கை நடுங்கிப்போச்சு மாமா. எத்தனை வருஷமா அது அப்படியே கட்டிக்கிடந்துதோ!” என்று சொன்னான். நம் சகோதரி இன்னும் சம்பளக் கணக்கைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறாள். அவள் குறை நியாயமானது. நாம் சொன்ன சொல்லும் மாறவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன, இருக்கட்டும்.

உண்மையை எழுதும் தொழிலாளி ஒருவன் தன் சம்பளத்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருப்பது முறையன்று. அந்தச் சுமையை அவன் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கலாகாது. வேலை கொடுப்பவர் கேட்டால்தான் வேலை செய்பவன் உண்மையை எழுத முடியும். வேலை கொடுப்பவர்களுள் நாமும் இருக்கிறோம். நாகர்கோவிலைச் சுற்றிலும் குளிரூட்டிய திருமண மண்டபங்களும் பல மாடித் துணிக்கடைகளும் மருத்துவமனைகளும் பெருகிவிட்டன. ஜமாஅத்துகளும் வளைகுடாப் பணத்தில் மண்டபங்கள் கட்டுகின்றன. சரவிளக்குக்கும் பளிங்குக்கும் கூட்டத்தில் மணிக்கணக்காக விவாதம் நடக்கிறது. பொய்க்கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்பார் எவரையும் நாம் கண்டதில்லை.

கேட்க வேண்டியவை மிகச் சில. காற்றுக்குழாய் எந்தெந்தச் சுவரைக் கடக்கிறது. அங்கெல்லாம் கதவம் உண்டா. ஒவ்வொன்றின் அருகிலும் கைவிட்டுப் பார்க்கத் திறப்பு உண்டா. எச்சரிக்கை ஒலித்தால் விசிறி தானே நிற்குமா. கடைசியாக எந்த நாளில் மூடிப் பார்த்தீர்கள், அதன் ஏடு எங்கே? உறவினரை மருத்துவமனையில் சேர்க்கும்போது இவற்றைக் கேட்க எல்லாராலும் இயலாது; அந்நேரத்து மனம் அதற்கு இடம் தராது. ஆனால் மண்டபம் கட்டும் நிர்வாகிகள் கேட்கலாம். ஊருக்கு விடுமுறையில் வரும் நம் பிள்ளைகளுள் இத்தொழில் அறிந்தவர் எத்தனையோ பேர். அவர்களை உடன் அழைத்துச் செல்லலாம். தம்மிடம் ஊரார் இதைக் கேட்டனர் என்பதே அவர்களுக்குப் பெருமையாக இருக்கும். தாம் அங்கே செய்யும் வேலை இன்னதென்று தாய் தந்தையரும் அறிந்துகொள்வர்.

ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே ஒரு நிபந்தனை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் முடியும் நாளில், நிர்வாகத்தார் இருவர் ஏணியருகே நிற்க, ஒவ்வொரு கதவத்தையும் விழச்செய்து காட்ட வேண்டும்; விழாததைச் சரிசெய்து மீண்டும் காட்ட வேண்டும்; இருவரும் கண்ட பின்னரே ஏட்டில் கையொப்பமிட வேண்டும். அதுவரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.